சீமையில் ஒரு கிரவுண்டு, பட்டா இல்லாமல்

பர்மிங்ஹாம்,
ஐப்பசி முதல் ஞாயிறு

அன்புள்ள அக்காவுக்கு,

வாட்ஸ்அப்பில் நாலு வரியில் முடிகிற சங்கதி இல்லை, அதனால் காகிதத்தில் எழுதுகிறேன். அம்மாவுக்கு உரக்கப் படித்துக் காட்டு. பெரியப்பா வந்திருக்கிற நேரமாகப் பார்த்துப் படித்தால் இன்னும் நல்லது. முதல் பாதி அவருக்குத்தான்.

நான் மண்வெட்டியோடு நிற்கிற படத்தை நீ சொந்தக்காரர்கள் குரூப்பில் போட்டாலும் போட்டாய், "தம்பி சீமையில நிலம் வாங்கிட்டான்" என்று கவரைப்பேட்டை வரைக்கும் செய்தி போயிருக்கிறது. பெரியப்பா பட்டா யார் பேரில் என்று கேட்கிறார். சின்ன மாமா வில்லங்கம் போட்டுப் பார்த்தாயா என்கிறார். ஆரம்பாக்கத்துச் சித்தி மகளுக்கு வரன் பார்க்கிற தரகர், பெண்ணுக்கு அண்ணன் முறையில் ஒருத்தர் வெள்ளைக்காரன் நாட்டில் நிலச்சுவான்தார் என்று சேர்த்துச் சொல்கிறாராம். அவரைக் குறை சொல்லி என்ன பயன்? ஜி.என்.டி. ரோடு நெடுக "ஸ்டேஷனிலிருந்து ஐந்தே நிமிடம்" என்ற மனைப்பிரிவு போர்டுகளைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாம். ஒருத்தன் நிலத்தில் நின்றால் அதைக் கிரயம் பண்ணியிருக்கிறான் என்றுதான் தோன்றும்.

வாங்கவில்லை. கவுன்சிலிடம் வருஷ வாடகைக்கு எடுத்திருக்கிறேன். இதற்கு அலாட்மென்ட் என்று பெயர். சொந்தமாக மண் இல்லாதவன் காய்கறி போட்டுக்கொள்ள நகராட்சி நிலம் கொடுக்க வேண்டும் என்று 1908-லேயே இங்கே சட்டம் போட்டுவிட்டார்கள். ஊரில் ஓட்டு உள்ளவர்கள் அல்லது வரி கட்டுகிறவர்கள் ஆறு பேர் சேர்ந்து எழுதிக் கொடுத்தால், கவுன்சில் அதைத் தூக்கி ஓரமாக வைக்க முடியாது. பரிசீலித்தே ஆக வேண்டும். முழு பிளாட் என்பது பத்து ராட். நம்ம கணக்கில் 2,722 சதுர அடி, அதாவது ஒரு கிரவுண்டு போக முந்நூற்றுச் சொச்சம் சதுர அடி மிச்சம்.

பெரியப்பா நாற்காலியை விட்டு எழுவதற்குள் மீதியையும் படித்துவிடு. வீடு கட்டக் கூடாது. விற்கக் கூடாது. உள்வாடகைக்கு விடக் கூடாது. பிள்ளை பேரில் எழுதி வைக்க முடியாது. ஒரு ஷெட் போடலாம், அதற்கும் இவ்வளவுதான் நீளம் அகலம் என்று உண்டு. களை மண்ட விட்டால் கமிட்டிக்காரர்கள் கைகட்டி நின்று பார்த்துவிட்டுப் போய்க் கடிதம் போடுவார்கள். அதற்கும் அசையாவிட்டால் நிலம் அடுத்த ஆளுக்குப் போய்விடும். அடுத்த ஆளுக்குப் பஞ்சமே இல்லை, வருஷக் கணக்கில் வரிசையில் நிற்கிறார்கள். நாட்டிலேயே அதிக அலாட்மென்ட் வைத்திருக்கிற நகராட்சி பர்மிங்ஹாம்தான் என்கிறார்கள். அப்படியும் இந்த நிலைமை.

சட்டங்கள் இதோடு நிற்கவில்லை. 1922-ல் போட்ட சட்டத்தின்படி விளைச்சலில் பெரும்பகுதி வீட்டுச் சமையலுக்குத்தான், வியாபாரத்துக்கு ஆகாது. இதனால் ஆகஸ்ட் மாதம் வந்தால் ஊரில் ஒரு விநோதம் நடக்கும். கோர்ஜெட் என்று இங்கே ஒரு காய், பூசணி ஜாதி. அது ஒரு செடியில் காய்க்க ஆரம்பித்தால் நிற்காது. விற்கவும் முடியாது, தின்றும் தீராது. காலையில் கதவைத் திறந்தால் வாசலில் ஒரு பை கோர்ஜெட் இருக்கும், வைத்தவர் யாரென்று தெரியாது. நாங்களும் இருட்டின பிறகு இரண்டு தெரு தள்ளிப் போய் யாராவது வாசலில் வைத்துவிட்டு வருகிறோம். கூட்டு, பொரியல், துவையல், தோசை மாவில் கலந்தது என்று எல்லாம் ஆகிவிட்டது. பையன் சாப்பிட உட்காருமுன் தட்டை மோந்து பார்க்கிறான்.

உன் பாப்பாவுக்குப் பிடித்த சட்டம் ஒன்று இருக்கிறது. 1950-ல் போட்டது. அலாட்மென்டில் கோழி வளர்க்கலாம், முயல் வளர்க்கலாம், சேவல் கூடாது. காலையில் கூவி ஊரை எழுப்பிவிடுமாம். கும்மிடிப்பூண்டியில் முதல் ஷிப்ட் சங்குக்கும் நாலரை மணி லோக்கலுக்கும் நடுவில் தூங்கிப் பழகிய நமக்கு இந்தக் கவலை புரியாது.

நீ ஒன்று கேட்டிருந்தாய்: இவ்வளவு பணக்கார நாட்டில் கவுன்சில் ஏன் ஜனங்களைக் கத்தரிக்காய் போடச் சொல்கிறது? ஏழைக்குக் கூலி போதாத காலத்தில் ஆரம்பித்த ஏற்பாடு. அப்புறம் இரண்டாம் உலக யுத்தத்தில், கப்பலில் சாப்பாடு வருவது நின்றுவிடும் என்ற பயத்தில், பூங்கா, பள்ளி மைதானம் எல்லாவற்றையும் கொத்திப் பயிர் வைத்தார்கள். லண்டன் கோட்டை அகழியில்கூடக் காய்கறி போட்டார்கள் என்றால் பார்த்துக்கொள். அன்றைக்கு நாடு முழுக்க ஏறக்குறைய 14 லட்சம் பிளாட். எங்க ஊர் எட்ஜ்பாஸ்டனில் அதற்கும் பழைய தோட்டங்கள் இன்னும் இருக்கின்றன. வருஷ வாடகை ஒரு கினி, அதாவது 21 ஷில்லிங், என்று கொடுத்ததால் கினித் தோட்டம் என்றே பெயர் நிலைத்துவிட்டது.

உன் வீட்டு மாமாவுக்கு என்று ஒரு செய்தி. கேட்பரி சாக்லேட் நம்ம பெட்டிக்கடையில் வாங்கித் தின்றிருக்கிறோமே, அந்தக் கம்பெனியின் தொழிற்சாலை இங்கிருந்து பக்கம்தான், போர்ன்வில் என்ற இடம். 1879-ல் நகரத்துக்குள்ளிருந்து வெளியே கொண்டுவந்து கட்டினார்கள். ஜார்ஜ் கேட்பரி அதை ஒட்டி 1895 முதல் ஒரு குடியிருப்பு எழுப்பினார். மனையில் கால் பாகத்துக்கு மேல் வீடு இருக்கக் கூடாது, மீதியெல்லாம் தோட்டம் என்பது அவர் திட்டம். குடிவருகிறவன் பெட்டி படுக்கையோடு வரும்போதே பின்பக்கம் பழமரக் கன்று நட்டு, பாத்தி போட்டுத் தயாராக இருக்கும். நாள் முழுக்க மெஷினோடு நிற்கிறவன் சாயங்காலம் மண்ணில் கை வைக்க வேண்டும் என்று நினைத்த மனுஷன். சிப்காட் ஷிப்ட் முடிந்து வந்து, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு மாடி ஏறி மிளகாய்ச் செடிக்குத் தண்ணீர் விடுகிற மாமாவை அவர் பார்த்திருந்தால் கூப்பிட்டு வீடு கொடுத்திருப்பார். ஒரே ஒரு சங்கடம், அவர் குவேக்கர் சமயத்துக்காரர். அந்தக் குடியிருப்பில் பப் வைக்கவே விடவில்லை. மாமா யோசித்துப் பதில் எழுதட்டும்.

உன் மாடி இலைகளை ஈரத்துணியால் துடைத்தால் துணி கறுப்பாகிறது என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்ததும் இந்த ஊர்ப் பூச்சி ஒன்று ஞாபகம் வந்தது. பர்மிங்ஹாமைச் சுற்றி ஒரு காலத்தில் எங்கே பார்த்தாலும் உலை, வார்ப்படப் பட்டறை, நிலக்கரிப் புகை. பக்கத்துப் பகுதிக்கே கறுப்பு நாடு என்றுதான் பேர். மரப்பட்டை எல்லாம் கரி படிந்து கறுத்துப்போனதால், அதில் உட்காருகிற வெள்ளை அந்துப்பூச்சி குருவி கண்ணில் பளிச்சென்று பட்டு இரையாகிவிடும். கறுப்பாகப் பிறந்தது தப்பித்துக்கொள்ளும். இப்படியே அந்த இனத்தில் கறுப்புதான் மிஞ்சியது. 1953-ல் கெட்டில்வெல் என்ற ஆராய்ச்சியாளர் இந்த ஊர் ஓரத்திலுள்ள ரூபரி காட்டில்தான் பூச்சிகளை விட்டுப் பார்த்து இதைக் காட்டினார். 1956-ல் புகைக்குச் சட்டம் வந்து மரம் வெளுத்த பிறகு வெள்ளைப் பூச்சி திரும்ப வந்துவிட்டது. இப்போது என் முட்டைக்கோஸைத் தின்கிற பூச்சிகள் நல்ல வெள்ளை வெளேர் என்று இருக்கின்றன. காற்று சுத்தம் என்று கமிட்டியில் பெருமையாகச் சொல்கிறார்கள்.

இனி விவசாயம். நீ ஆடி பிறந்ததும் பெரியபாளையத்தம்மனுக்கு ஒரு கும்பிடு போட்டு, பெயின்ட் டப்பாவிலும் குரோ பேக்கிலும் விதை ஊன்றி, நாலாம் நாள் முளை பார்த்துவிடுகிறாய். தோட்டக்கலைத் துறை மானியத்தில் கொடுத்த தென்னை நார்க் கழிவு, அசோஸ்பைரில்லம், டிரைக்கோடெர்மா, வேப்பெண்ணெய் எல்லாம் கையில் இருக்கிறது. மீதியைச் சூரியன் பார்த்துக்கொள்கிறது. இங்கே ஆடிப் பட்டத்துக்குப் பதில் புனித வெள்ளிப் பட்டம். உருளைக்கிழங்கு நட அதுதான் நாள் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். அதற்கும் இரண்டு மாதம் முன்பே விதைக்கிழங்கை முட்டை அட்டையில் வரிசையாக நிறுத்தி, ஜன்னல் ஓரத்தில் வைத்து முளை கட்ட வேண்டும். மிளகாய் விதையை மாசியில் போட்டு, அடியில் மின்சாரச் சூட்டுப் பாய் விரிக்க வேண்டும். தக்காளி நாற்றும் சுரை நாற்றும் பங்குனி முழுக்க வீட்டுக்குள்தான். வீட்டில் ஜன்னல் என்று எது உண்டோ அதில் எல்லாம் செடி நிற்கும். திரையை இழுத்து மூட முடியாது. எதிர்வீட்டுக்காரர் எங்களைப் பார்க்கிறார், நாங்கள் அவரைப் பார்க்கிறோம், நடுவில் கத்தரி நாற்று அசைகிறது.

சித்திரையில் வெயில் அடிக்கிறதே என்று யாரும் நாற்றை வெளியே வைத்துவிட மாட்டார்கள். மே மாதப் பாதி வரைக்கும் ஒரு ராத்திரி உறைபனி இறங்கிவிடலாம். இறங்கினால் காலையில் சுரைக்கொடி வேகவைத்த கீரையாகக் கிடக்கும். அதனால் மே கடைசியில்தான் நடவு. நீ அக்கினி நட்சத்திரத்தில் செடிக்கு நிழல் வலை கட்டுகிற அதே வாரத்தில் நான் செடிக்குப் போர்வை போர்த்துகிறேன்.

கறிவேப்பிலையைப் பற்றி அம்மா கேட்டாளாம். ஒரே ஒரு தொட்டி இருக்கிறது. ஐப்பசி பிறந்ததும் வீட்டுக்குள் தூக்கி வந்து ஹீட்டர் பக்கமாக வைத்து, இலை காயாமல் தண்ணீர் தெளித்து, தினம் ஒருமுறை திருப்பி வைக்கிறோம். பிரசவத்துக்குத் தாய்வீடு வந்த பெண்ணுக்குக்கூட இத்தனை உபசாரம் நடக்காது. இவ்வளவும் செய்தால் அது குளிர்காலம் முழுக்க ஒரு இலை கூட விடாமல், இருக்கிற இலையையும் ஒவ்வொன்றாக உதிர்க்கும். தாளிப்புக்கு நாலு இலை கிள்ளப் போனால் வீட்டில் பஞ்சாயத்து. உன் வீட்டுக் கிணற்றடியில் பக்கத்துத் தெருக்காரர்கள் கொத்துக் கொத்தாக ஒடித்துக்கொண்டு போவதை நினைத்தால் வயிற்றெரிச்சலாக இருக்கிறது.

பூச்சித் தொல்லை என்றால் உனக்குச் செம்பருத்தியில் மாவுப்பூச்சி. எனக்கு ஓடில்லாத நத்தை. விரல் நீளம் இருக்கும். மழைக்குப் பிறகு பொழுது சாய்ந்ததும் படையாகக் கிளம்பும். சாயங்காலம் பதித்த முட்டைக்கோஸ் நாற்று காலையில் ஈர்க்குச்சியாக நிற்கும். மெட்டால்டிஹைட் என்ற நத்தை மருந்தை 2022-லிருந்து தோட்டத்தில் போடக் கூடாது என்று தடை செய்துவிட்டார்கள், முள்ளெலிக்கும் பறவைக்கும் ஆபத்து என்று. சரி, தோட்டக்காரர்களுக்கு ஆதரவாக 1804-லிருந்து ஒரு ராயல் சங்கம் இருக்கிறதே, அது என்ன சொல்கிறது என்று பார்த்தால், அதே 2022-ல் நத்தையை இனி பகையாளி என்று சொல்வதில்லை, அதுவும் இயற்கையில் ஒரு பங்காளி என்று அறிவித்துவிட்டது. பங்காளி என்பது சரிதான். சொத்தில் பாதியைக் கேட்கிறது.

மிச்சமிருக்கிற வழி பீர். தயிர் டப்பாவை மண்ணில் விளிம்பு வரை புதைத்து, அரை டப்பா பீர் ஊற்றி வைத்தால், வாசனைக்கு வந்து விழுந்துவிடும். கடைக்காரர் முதலில் என்னைச் சாதாரண குடிமகன் என்று நினைத்தார். மலிவானது எது, காலாவதி நெருங்கியது உண்டா என்று கேட்டதும் பார்வையே மாறிவிட்டது. நத்தைக்கு என்று சொன்னேன். "எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள்" என்றார். மாமா மட்டும் இந்தப் பத்தியை இரண்டு தடவை படிப்பார் என்று தெரியும். உங்கள் மாடியில் நத்தை கிடையாது மாமா, வீட்டில் இதைக் காரணமாகச் சொல்ல முடியாது.

தோட்டத்தில் அக்கம் பக்கம் எல்லாம் நல்ல மனிதர்கள். இடது பக்கம் ஜமைக்கா அம்மா ஒருத்தி. கலலூ என்று வரிசை வரிசையாகப் போட்டிருந்தாள். கிட்டப் போய்ப் பார்த்தால் நம்ம குப்பைக்கீரை, தண்டுக்கீரை ஜாதி. கடைந்து, பூண்டு தாளித்து ஒரு கிண்ணம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் கருவாடு போட்டு வதக்கியதைத் திருப்பிக் கொடுத்தாள். பழவேற்காட்டுக் கருவாடு அந்தக் கைக்குக் கிடைத்தால் என்ன ஆகும் என்று என் மனைவி கேட்கிறாள். வலது பக்கம் வங்காளதேசத்து சாச்சா. பிளாஸ்டிக் கூடாரம் கட்டி உள்ளே சுரைப் பந்தல் போட்டிருக்கிறார். ஒரு காய் தொங்கினால் அதன் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்கிறார்.

இப்படி வெளியூர் ஆட்கள் வெளியூர்க் காய் போடுவதை இந்த நாட்டுக்காரர்களும் கவனிக்காமல் இல்லை. கவென்ட்ரி பக்கம் ரைட்டன் என்ற இடத்தில் கார்டன் ஆர்கானிக் என்று ஓர் அமைப்பு, பழைய நாட்டு விதைகளைச் சேர்த்து வைக்கிற விதை நூலகமும் வைத்திருக்கிறது. 2010-க்குப் பிறகு அவர்கள் மிட்லண்ட்ஸ் அலாட்மென்டுகளில் சுற்றி, சுரை, அவரை, வெந்தயம், கலலூ இதையெல்லாம் இந்தக் குளிரில் எப்படி வளர்க்கிறார்கள் என்று வயதானவர்களிடம் கேட்டு எழுதி, மற்றவர்களுக்கும் சொல்லிக் கொடுத்தார்கள். நம்ம ஆயா சுரை விதையைச் சாணியில் உருட்டிக் கூரையில் எறிந்ததை யாரும் கேட்டு எழுதவில்லை. கேட்டிருந்தால் ஆயா திட்டியிருப்பாள்.

எதிர் பிளாட்டில் ஒரு வெள்ளைக்காரத் தாத்தா. அவர் சாப்பிடுவதற்காகப் பயிர் வைப்பதில்லை, ஜெயிப்பதற்காக வைக்கிறார். செப்டம்பரில் மால்வர்ன் என்ற ஊரில் ராட்சதக் காய்கறிகளுக்குத் தேசியப் போட்டி நடக்கும். கேரட்டை உயரமான குழாயில் மணல் நிரப்பி வளர்த்து நீளம் அளப்பார்கள். வெங்காயத்துக்கு ஹாரோகேட் பேரில் நடக்கிற மலர்க் கண்காட்சி. 2023-ல் அங்கே ஒரே வெங்காயம் 8.97 கிலோ நின்று உலக சாதனை ஆனது. நம்ம வீட்டுக்கு இரண்டு மாதச் சாம்பாருக்குப் போதும். தாத்தா தன் வெங்காயத்தைக் காட்டும்போது, எங்க ஊரில் சின்ன வெங்காயத்துக்குத்தான் மவுசு, சின்னதாக இருந்தால்தான் விலை என்றேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். அன்றிலிருந்து வானிலை பற்றி மட்டும்தான் பேசுகிறார்.

2022 ஜூலை 19-ஆம் தேதி அந்த வானிலைப் பேச்சுக்கும் ஒரு திருநாள் வந்தது. லிங்கன்ஷயரில் கோனிங்ஸ்பி என்ற இடத்தில் 40.3 டிகிரி. இந்த நாட்டுச் சரித்திரத்தில் முதல் தடவையாக நாற்பதைத் தாண்டியது. வெயிலுக்கு முதல்முறையாகச் சிவப்பு எச்சரிக்கை விட்டார்கள், ரயிலை மெதுவாக ஓட்டினார்கள், வெளியே வராதீர்கள் என்று டிவியில் கெஞ்சினார்கள். உன் மாடியில் அது ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை. என் மிளகாய்ச் செடிகள் மட்டும் அன்று நிமிர்ந்து நின்றன. ஊர்க்காரர் யாரோ வந்துவிட்டார் என்ற சந்தோஷம் அவற்றுக்கு.

பூவைப் பற்றிச் சொல்லவில்லையே. இந்த ஊரில் பூவுக்குக் குறைவில்லை. ரோஜா, டேலியா, ஹைட்ரேஞ்சியா, ஸ்வீட் பீ என்று வேலி நிறைய. யாரும் தலையில் வைப்பதில்லை, சாமிக்கும் போடுவதில்லை, பார்த்துவிட்டுப் பேர் சொல்கிறார்கள், அதுவும் லத்தீனில். துலுக்கச் சாமந்தியைத் தக்காளிக்குப் பக்கத்தில் காவலுக்கு வைக்கிறார்கள், வெள்ளை ஈ அண்டாதாம். இவள் ஒரு மல்லித் தொட்டி வாங்கிச் சமையலறை ஜன்னலில் வைத்திருக்கிறாள். நீ தை மாதம் கவாத்து பண்ணிவிட்டுப் பங்குனியிலிருந்து முறத்தில் அள்ளுகிறாய். எங்கள் தொட்டி ஜூலையில் மூன்று மொட்டு விட்டது. மூன்றையும் முருகன் படத்துக்கு வைப்பதா, தலைக்கு வைப்பதா என்று பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே மலர்ந்துவிட்டது. ஊத்துக்கோட்டைப் பக்கத்திலிருந்து மூட்டை மூட்டையாக மல்லி கோயம்பேட்டுக்குப் போகிற ஊரில் பிறந்தவள் மூன்று மொட்டுக்கு வழக்கு நடத்துகிறாள்.

இவ்வளவும் சமாளித்துவிடலாம் அக்கா. மண் வாடகைக்குக் கிடைக்கிறது. குதிரைச் சாணம் லாயக்காரர்கள் தூக்கிக்கொண்டு போனால் போதும் என்று சும்மா தருகிறார்கள். சூட்டுக்கு மின்சாரம், குளிருக்குக் கூடாரம், நத்தைக்குப் பீர். காசு கொடுத்தால் எதற்கும் வழி இருக்கிறது. அவரை மட்டும் எதற்கும் மசியவில்லை.

சாச்சா கொடுத்த கொடி அவரை விதை, வங்காளத்தில் சீம் என்பார்கள், நம்ம பந்தல் அவரையேதான். ஜூனில் நட்டதும் ஏறியது பார், ஷெட்டை மூடி, வேலியைத் தாண்டி, தாத்தா பிளாட்டுக்குள் எட்டிப் பார்த்தது. இலை ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். அந்த மாதம் இங்கே பகல் பதினேழு மணி நேரத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. ராத்திரி ஒன்பதரைக்கு வெளிச்சத்தில் களை எடுக்கிறேன். இத்தனை வெளிச்சத்துக்கு மூட்டை கட்டிக் காய்க்கும் என்றுதானே யாரும் நினைப்பார்கள்? ஒரு பூ இல்லை. ஜூலை, ஆகஸ்ட், ஒரு பூ இல்லை. பக்கத்திலேயே இங்கிலீஷ்காரர்களின் ரன்னர் பீன்ஸ் சிவப்புச் சிவப்பாகப் பூத்துக் காய்த்துத் தள்ளுகிறது. அதுவும் இந்த ஊர்ப் பயிர் இல்லை, அமெரிக்காக் கண்டத்து மலைப் பிரதேசத்திலிருந்து பூ அழகுக்காகக் கொண்டுவந்து வளர்த்து, பிறகு காயைத் தின்னப் பழகியதாம்.

அவரை எதற்காகக் காத்திருக்கிறது என்பதற்குப் பதில் 1920-லேயே கிடைத்திருக்கிறது. அமெரிக்க வேளாண் துறையில் கார்னர், ஆலார்ட் என்று இரண்டு பேர். மேரிலாண்ட் மாமத் என்ற புகையிலை ரகம் கோடை முழுக்க ஆள் உயரம் தாண்டி வளர்ந்து, பூக்காமலேயே நின்றது. உரம், சூடு, தண்ணீர் எல்லாம் மாற்றிப் பார்த்தும் அசையவில்லை. கடைசியில் மாலையில் செடியைத் தூக்கி இருட்டறையில் வைத்துப் பகலைக் குறைத்துக் காட்டினார்கள். பூத்துவிட்டது. பகல் குறைந்து இரவு நீண்டால்தான் பூப்பேன் என்று கணக்கு வைத்திருக்கிற பயிர்கள் உண்டு. பந்தல் அவரை அந்தக் கூட்டம். உன் மாடியில் கோடைப் பகலே பதின்மூன்று மணி நேரம்தான். புரட்டாசியில் பன்னிரண்டுக்குக் கீழே இறங்கியதும் அதற்குச் சேதி போய்விடுகிறது. கார்த்திகையில் பூத்து, மார்கழியில் பிஞ்சு பிடித்து, பொங்கல் அன்று ஏழுகறிக் குழம்புக்குச் சரியாக வந்து நிற்கிறது. காலண்டர் பார்க்கத் தெரியாத செடி பொங்கலைத் தவறவிட்டதே இல்லை.

இங்கேயும் அதே கணக்கைத்தான் போடுகிறது. செப்டம்பர் கடைசியில் பகல் பன்னிரண்டு மணி நேரத்துக்குக் கீழே இறங்கியது, ஊதாப் பூ கொத்துக் கொத்தாக வந்துவிட்டது. கமிட்டிக்காரர்கள் வந்து படம் எடுத்தார்கள். இப்போது பிஞ்சு விரல் நுனி அளவு. இனி எந்த ராத்திரி வேண்டுமானாலும் உறைபனி இறங்கும். அக்டோபர் கடைசி ஞாயிறு அரசாங்கம் ஊர்க் கடிகாரத்தையெல்லாம் ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி வைக்கும், கோடிக்கணக்கான ஜனங்கள் கீழ்ப்படிவார்கள். அவரை கீழ்ப்படியாது. எனக்கு விசா கிடைத்தது, வேலை கிடைத்தது, நிலம்கூடக் கிடைத்தது. கும்மிடிப்பூண்டிப் பொழுதை மட்டும் எந்தக் கவுன்சிலும் வாடகைக்கு விடுவதில்லை. தாத்தா மனசு கேட்காமல், அடுத்த கோடையில் சாயங்காலம் ஐந்து மணிக்குக் கறுப்புத் துணி போட்டு மூடிப் பார் என்கிறார். வேலையை விட்டு ஓடி வந்து ஒரு கொடிக்குத் தினமும் முக்காடு போட எனக்கு லீவு இல்லை.

மாமா என்ன சொல்வார் என்று தெரியும்: "குத்து அவரை போட வேண்டியதுதானே?" கோவை வேளாண் பல்கலைக்கழகம் விட்ட குத்து அவரை ரகங்கள் பொழுது பார்க்காமல் எப்போதும் காய்க்கும், பந்தலும் வேண்டாம். சரியான யோசனைதான். ஆனால் அப்பளக் கட்டுக்குள் விதைப் பொட்டலத்தைச் செருகி அனுப்பிவிடாதே. பயிர்நலச் சான்றிதழ் இல்லாமல் வெளிநாட்டு விதை உள்ளே வரக் கூடாது. பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்துப் பறிமுதல் செய்வார்கள். ரைட்டன் விதைக்காரர்களிடமே கேட்டு வைத்திருக்கிறேன். கிடைத்தால் வருகிற வைகாசியில் நடுவேன்.

உன் பக்கம் வடகிழக்குப் பருவமழை பிடிக்கும் நேரம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து முருங்கையைச் சாய்த்ததே, அதை மனசில் வைத்துக்கொண்டு இப்போதே கிளைகளைக் கழித்துவிடு. குரோ பேக்குகளைக் கைப்பிடிச் சுவர் மேலிருந்து இறக்கிவிடு, அடியில் தண்ணீர் வடிகிற ஓட்டை அடைத்திருக்கிறதா பார். மாடி வடிகாலில் இலை சேரவிடாதே. மாமாவை ஈரத்தொட்டி தூக்க விடாதே, அவர் முதுகு கேட்பரி காலத்து மெஷின் இல்லை. பாப்பா பள்ளிக்கூடத்துக்குத் தோட்டக் கணக்கு எழுத வேண்டும் என்றாளே, தினமும் சூரியன் உதிக்கிற நேரமும் மறைகிற நேரமும் குறித்து, உன் அவரை முதல் பூ விட்ட தேதியைப் பக்கத்தில் எழுதச் சொல். இங்கேயுள்ள கணக்கை நான் அனுப்புகிறேன். மாமன், மருமகள் இரண்டு பேர் கணக்கையும் ஒரே தாளில் போட்டால் அறிவியல் டீச்சர் பத்துக்குப் பத்து போடுவார்.

அம்மாவை மாத்திரையை நேரத்துக்குப் போடச் சொல்.

உன் அன்புத் தம்பி

பி.கு.: பார்சலில் சுண்டைக்காய் வற்றல், மோர்மிளகாய், கறிவேப்பிலைப் பொடி போதும். சுண்டை வற்றலை மட்டும் நன்றாக உப்பில் ஊறவைத்து, மொறமொறவென்று காயவைத்து அனுப்பு. கொஞ்சம் பச்சையாக இருந்தாலும் இவள் தொட்டியில் ஊன்றிவிடுவாள். ஜன்னலில் இனி இடமில்லை.